வயிறும் படபடப்பும்: உங்களுக்கு என்ன நடந்தது?

மாடிப்படி:

ஸ்கோப் (உள்ள குழாய் விட்டுப் பார்க்கறது) பண்ணியாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, "எல்லாம் நார்மல், ஐபிஎஸ்தான், டென்ஷனைக் குறைங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஐபிஎஸ்னா இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாமலே குடல் படுத்தற பிரச்சினை. இந்தக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நீட்டலை.

என்னை அரிச்சிக்கிட்டே இருக்கறது ஒரு மீட்டிங். பேச எழுந்திரிச்சேன். முதல் ஸ்லைடு வந்ததும் ரூம் கப்சிப்னு ஆச்சு. அந்த அமைதியில என் வயிறு உருண்டுச்சு பாருங்க, கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்துல இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லலை. நாற்காலியை மட்டும் அந்தப் பக்கமா லேசா நகர்த்திக்கிட்டார். அவர் திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

இப்ப காலண்டர்ல மீட்டிங்னு பார்த்தாலே வயிறு பிசையுது. வயிறு பிசைஞ்சா நெஞ்சு படபடங்குது. நெஞ்சு படபடத்தா பாத்ரூம். இதுல எது முதல்ல, எது அப்புறம்? ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) கேப்சூல் எடுத்தா ரெண்டும் சேர்ந்து அடங்கும்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். எடுத்தவங்க இருந்தா நடந்ததைச் சொல்லுங்க. விளம்பரம் வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:

கேப்சூல் பத்தித் தெரியாது. என் கதையில வில்லன் சூயிங்கம்.

டென்ஷன் வந்தா மெல்லுவேன். சர்க்கரை இல்லாத வகைதான், பல்லுக்கு நல்லதுன்னு. வயித்துல எப்பப் பார்த்தாலும் கேஸ், லூஸ் மோஷன். டாக்டர் ரூம்லயும் மென்னுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அவர் நான் சொன்னதை எழுதறதை நிறுத்திட்டு என் தாடையையே பார்த்தார். "பாக்கெட் இருக்கா, குடுங்க"ன்னார். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, பாக்கெட்டை மூக்குக்கிட்ட வெச்சு, பின்னாடி எறும்பு சைஸ்ல இருந்ததைச் சத்தமா வாசிச்சார்: சார்பிட்டால், அளவுக்கு மீறினால் பேதியாகலாம். "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" நான் பதில் சொல்லலை, அவரும் திரும்பக் கேட்கலை.

சார்பிட்டாலைச் சிறுகுடல் முழுசா உறிஞ்சாதாம். மிச்சம் தண்ணியை இழுத்துக்கிட்டுப் பெருங்குடலுக்குப் போகும், அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு கேஸாக்கும். மெல்லும்போது முழுங்கற காத்து வேற. நிறுத்தினதும் வயிறு அடங்கிடுச்சு. படபடப்பு? பாதி. அந்த மிச்சப் பாதிக்குத்தான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.

ஈரக்காற்று:

நண்பர் மாடிப்படி அவர்களுக்கு. எது முதலில் என்ற கேள்விக்கே இடமில்லை. இது இருவழிப் பாதை.

மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டு போகிறவை. உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் தனி வலையாக இருக்கின்றன. பதற்றம் வந்தால் மூளை சுரக்கும் சிஆர்எஃப் என்ற ஹார்மோன் இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை முடுக்கிவிடும். தேர்வு நாளில் சாப்பாடும் இறங்காது, பாத்ரூமும் விடாது என்பது இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1822இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் வயிற்றில் குண்டடி பட்டார். காயம் ஆறியும் ஓட்டை மூடவில்லை. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியாகவே பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்தார். அந்த மனிதர் கோபப்பட்டால் செரிமானமும் கெடுவதைக் குறித்து வைத்தார். 1833இல் அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தன.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது: நார்ச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் ஒரேயடியாக அல்ல, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல. திடீரென்று கூட்டினால் வயிறு பலூனாகும். காபியைக் குறையுங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். மீட்டிங்குக்கு முன் வயிறு எழும்பும்படி மூச்சை இழுத்து, இழுத்ததை விட மெதுவாக விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும். செல்போனோடு பாத்ரூமில் உட்காராதீர்கள். புளிக்கவைத்த உணவு தினமும் ஏதாவது ஒன்று. முக்கியமாக, மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருள் உடலில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. குடலைச் சீர்செய்தால் மனம் தானாகச் சீராகும்.

என் அனுபவம்: எனக்கும் இருந்தது, இப்போது இல்லை.

நிழல்குடை:

ஈரக்காற்று சார், அவ்வளவு எழுதிட்டு உங்க அனுபவத்தை ஒரே வரியில முடிச்சிட்டீங்களே!

அந்த செரோடோனின் கணக்கு எல்லா இடத்துலயும் சுத்துது. 90 சதவீதம் குடல்லங்கறது சரிதான். ஆனா குடல்ல உண்டாகற செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள்ள போகாது, நடுவுல தடுப்பு இருக்கு. மூளை தனக்கு வேணுங்கறதைத் தானே செஞ்சுக்கும். குடல்ல இருக்கறது அங்க அசைவுக்கும் குமட்டலுக்கும்தான் பெரும்பாலும் வேலை செய்யுது.

இது எனக்குப் படிச்சுத் தெரியலை, பட்டுத் தெரிஞ்சது. பதற்றத்துக்கு எஸ்எஸ்ஆர்ஐங்கற, செரோடோனினைக் கூட்டற மாத்திரை ஆரம்பிச்ச புதுசு. காலையில பல் தேய்க்கறேன், பேஸ்ட் நுரை நாக்குல பட்டதும் ஓங்கரிச்சுக்கிட்டு வருது. பிரஷ்ஷை வாயில வெச்சபடியே வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். கண்ணாடியில என் முகம் வெள்ளை வெளேர்னு. கதவுக்கு வெளியிலிருந்து என் வீட்டுக்காரர், "விசேஷமா?"ன்னு கேட்டார். அந்த நிமிஷம் அவரைக் கொன்னிருப்பேன்.

டாக்டர்கிட்ட போன் பண்ணினா அவர் அசரலை. மூளைக்குன்னு குடுக்கற மாத்திரை, போற வழியில குடல்லயும் தட்டாம போகாதாம். சாப்பிட்டுட்டுப் போடுங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும், நீங்களா நிறுத்திடாதீங்கன்னார். அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் மெதுவா மனசும் அடங்குச்சு, கூடவே வயிறும். என் விஷயத்துல மருந்து மேலிருந்து கீழே இறங்கியிருக்கு. "குடலைச் சீர்செய்தால் மனம் தானாக"ங்கறது எனக்கு நடக்கலை.

தூறல்:

மாடிப்படி, கேட்டதுக்கு நேர் பதில்: நான் கேப்சூல் எடுத்தேன்.

முதல்ல வயிறு உப்புசம்தான் கூடுச்சு. டப்பாவுல "இது பழகும் வரை இயல்பு"ன்னு போட்டிருந்தது, சரின்னு விட்டுட்டேன். அப்புறம் நல்லா இருக்கற மாதிரி தோணுச்சு. தோழிகிட்ட பெருமையா சொன்னேன். அவள் கையில காபியோட நின்னுக்கிட்டு, "நீ இப்பல்லாம் காபி குடிக்கறதில்லையே, எப்ப விட்டே?"ன்னு கேட்டா. நான் அப்படியே நின்னுட்டேன். கேப்சூலை ஆரம்பிச்ச அதே சமயத்துலதான் காபியை விட்டிருக்கேன், ராத்திரி வேலையையும் விட்டிருக்கேன். நல்ல பேர் மட்டும் டப்பாவுக்குப் போயிடுச்சு. டப்பா தீர்ந்ததும் திரும்ப வாங்கலை, வித்தியாசம் எதுவும் தெரியலை.

அப்புறம் கிளறிப் பார்த்தேன். 2011ல லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ்ங்கற பாக்டீரியாவுல ஒரு ரகத்தை எலிகளுக்குக் குடுத்திருக்காங்க, பதற்றம் குறைஞ்சிருக்கு. வேகஸ் நரம்பை வெட்டின எலிகள்கிட்ட அந்தப் பலன் இல்லை. படிக்கும்போது எனக்கே புல்லரிச்சுது. ஆனா அதே ரகத்தை ஆரோக்கியமான ஆண்களுக்குக் குடுத்துப் பார்த்த ஆய்வு 2017ல வந்தது. வெறும் டம்மி மாத்திரையை விட ஒண்ணும் கூடுதலா செய்யலை. கேப்சூல் விக்கறவங்க முதல் ஆய்வோட நிறுத்திக்கறாங்க. அமெரிக்க குடல்நோய் மருத்துவர் சங்கமும் 2020 வழிகாட்டுதல்ல, ஐபிஎஸ்ஸுக்கு ப்ரோபயாடிக்கை ஆராய்ச்சிக்குள்ள மட்டும் குடுங்கன்னுதான் சொல்லுது.

அதுக்காக யாருக்குமே கேட்காதுன்னு நான் சொல்ல வரலை. எடுக்கறதா இருந்தா அந்தச் சமயத்துல வேற எதையும் மாத்தாதீங்க, அப்பத்தான் எது கேட்டுதுன்னு தெரியும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க டாக்டரைக் கேட்காம தொடவே வேண்டாம்.

ஓய்வுபெற்றவன்:

எல்லோரும் குடலா மூளையா என்று மல்லுக்கு நிற்கிறீர்கள். என் தங்கைக்கு இரண்டும் இல்லை.

படபடப்பு, தூக்கமின்மை, நாளுக்குப் பல தடவை வெளிக்குப் போவது. வீட்டில் எல்லோரும் அவளுக்கு உபதேசம்: கவலைப்படாதே, தியானம் செய். நானும் அந்தக் கோஷ்டிதான். கடைசியில் ஒரு வயதான டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். கையை நீட்டச் சொன்னார். விரல்களை விரித்து வைக்கச் சொல்லி, மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் விரல்கள் மேல் வைத்தார். காற்றாடியை நிறுத்தச் சொன்னார். காற்றே இல்லாத அறையில் அந்தத் தாளின் ஓரம் சடசடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் தங்கை அழ ஆரம்பித்தாள், ஆனால் அது பயந்த அழுகை இல்லை.

தைராய்டு அளவுக்கு மேல் சுரந்திருக்கிறது. அது கூடினால் நெஞ்சும் ஓடும், குடலும் ஓடும், எடையும் இறங்கும். டிஎஸ்ஹெச் என்று தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், வழி தெரிந்துவிடும். மாடிப்படி தம்பி, உனக்கு எடுத்த ரத்தத்தில் அது இருந்ததா என்று பார்.

ஈரக்காற்று:

ஓய்வுபெற்றவன் ஐயா, தைராய்டு பார்க்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நிழல்குடை அவர்களுக்கும் சொல்கிறேன். செரோடோனின் விஷயம் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். உணவால் மனம் மாறும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. 12 வாரம் உணவைத் திருத்திய குழுவில் சுமார் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்த குழுவில் 8 சதவீதம்.

நிழல்குடை:

அது மனச்சோர்வுக்கு நடந்த ஆய்வு சார், இங்க பேசறது பதற்றம். கலந்துக்கிட்டவங்களுக்கும் அவங்க எந்தக் குழுன்னு தெரியும், அந்த நினைப்பே பலனைக் கூட்டிக் காட்டலாம். நல்ல சாப்பாடு வேண்டாம்னு யாரும் சொல்லலை. நான் விடறதா இல்லை :)

பகல்கனவு:

சண்டைக்கு நடுவுல நுழையறேன். எனக்கு ஆரம்பிச்சது பயணத்துல வந்த வயித்துப்போக்கு. கிருமி போயிடுச்சு, வயிறு மட்டும் பழைய நிலைமைக்கு வரலை. இப்படி ஆகறது உண்டு, 2000ல கனடாவுல வாக்கர்டன் ஊர்ல குடிதண்ணி கெட்டு நிறையப் பேர் படுத்தாங்களே, அவங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தப்ப ஐபிஎஸ் வந்தவங்க கணிசமா இருந்தாங்க.

எங்க போனாலும் முதல்ல பாத்ரூம் எங்கன்னு தேடுவேன். அப்புறம் போறதையே நிறுத்திட்டேன். குடலுக்குன்னு ஒரு ஹிப்னோதெரபி இருக்குன்னு அனுப்பினாங்க (1984லயே மான்செஸ்டர்ல செஞ்சு பார்த்து வெளியிட்டது, சாமியார் வித்தை இல்லை). சாய்வு நாற்காலி. உள்ளங்கையை வயித்துல வைங்க, கை சூடு உள்ள இறங்குது, குடல் சீரா ஓடற ஆறுன்னு அந்தம்மா தணிஞ்ச குரல்ல சொல்றாங்க. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. வாயை மூடிச் சிரிச்சதுல வயிறு குலுங்குது, அந்தக் குலுங்கல் என் கையிலயே தெரியுது. அவங்க நிறுத்தி, "பரவாயில்லை, ரொம்ப நாளைக்கப்புறம் உங்க வயிறு பயமில்லாம அசையுது"ன்னாங்க. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரலை.

வயிறு இன்னும் அப்பப்ப படுத்தும். ஆனா சினிமாவுக்கு நடு சீட்டுல டிக்கெட் போடறேன்.

மாடிப்படி:

ஓய்வுபெற்றவன் ஐயா, ரிப்போர்ட்டைத் தோண்டி எடுத்தேன். டிஎஸ்ஹெச் இருக்கு, நார்மல். தூறல், கேப்சூல் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். காபியிலிருந்து ஆரம்பிக்கறேன், ஒரு நேரத்துல ஒண்ணு. பகல்கனவு, அந்த ஹிப்னோ வீடியோ கால்ல பண்றாங்களா, நேர்லதான் போகணுமா?

பகல்கனவு:

ரெண்டு மாதிரியும் இருக்கு. நான் நேர்ல போனேன்.

பெயரில்லாப் பறவை:

படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா எழுதறேன். எனக்கும் டென்ஷன்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன், வேலையில ரொம்ப நெருக்கடி. ஆனா எனக்கு ராத்திரி தூக்கத்திலிருந்தே எழுப்புது. எழுந்து ஓடினாத்தான் ஆச்சு. பேன்ட் லூசாயிட்டே வருது. ஒரு தடவை டிஷ்யூல சிவப்பாப் பார்த்தேன், மூலமா இருக்கும்னு விட்டுட்டேன். இதுக்கும் மூச்சுப் பயிற்சி போதுமா?

ஈரக்காற்று:

போதாது. நான் மேலே எழுதியது எதையும் இதற்குச் செய்யாதீர்கள்.

ஓய்வுபெற்றவன்:

ஈரக்காற்று சொல்வதுதான் சரி. தூக்கத்தில் எழுப்பும் பேதி, காரணமில்லாமல் இறங்கும் எடை, ரத்தம். இதில் ஒன்று இருந்தாலே டென்ஷன் கணக்கில் எழுதக் கூடாது, உனக்கு மூன்றும் இருக்கிறது. பயப்படாதே, ஆனால் தள்ளிப் போடாதே. நாளைக்கே டாக்டரைப் பார். மூன்றையும் வெட்கப்படாமல் சொல். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள், குடலில் அழற்சி இருந்தால் அதில் தெரியும். ஸ்கோப் வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வீட்டில் யாருக்காவது குடல் நோய் இருந்ததா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள், கட்டாயம் கேட்பார்கள்.

பெயரில்லாப் பறவை:

அப்பாவோட அண்ணனுக்கு ஏதோ குடல் ஆபரேஷன் நடந்தது. என்னன்னு யாரும் சொன்னதில்லை. இப்ப போன் பண்றேன்.