169 பேருக்கு அனுப்பி வந்தது 71 தான், என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மழை:
கொழும்பில் இருந்து முதுமாணிக்கு ஓர் ஆய்வு செய்கிறேன். மேல், வட மாகாணங்களில் தமிழில் விவசாயம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் செய்முறைப் பாடத்துக்குப் பாடசாலைத் தோட்டத்தை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் தலைப்பு. கையில் இருக்கும் பட்டியலில் 300 பேர். மொத்தம் இத்தனை பேர் என்றால் எத்தனை பேரின் பதில் போதும் என்று காட்டும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையில் 300க்கு 169 என்று இருந்தது, எழுமாறாக 169 பேரைத் தெரிந்து கூகுள் ஃபோர்மை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 52 பேர் நிரப்பினார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு நினைவூட்டல், இன்னும் 19. அதோடு சரி. மொத்தம் 71, 42 வீதம். மேற்பார்வையாளர் "காணாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மிச்ச 131 பேருக்கும் அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டலாமா?

எண்கணக்கு:
அந்த 169 கைக்கு வந்து சேர வேண்டிய எண், அனுப்ப வேண்டிய எண் இல்லை. 60 வீதம் பதில் வரும் என்று வைத்தாலும் 282 பேருக்கு அனுப்பியிருக்க வேண்டும், அப்படியென்றால் 300 பேரிடமும் கேட்டுவிடலாமே. 131 பேருக்கும் அனுப்புங்கள்.

பழைய வினாக்கொத்து:
அட்டவணை விஷயம் சரி, ஆனால் மிச்சப் பேருக்கு அனுப்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கேயும் இதே வகை ஆட்கள்தான் நிரப்புவார்கள், இதே வகை ஆட்கள்தான் பேசாமல் இருப்பார்கள். 71 வேண்டுமானால் 126 ஆகும், வீதம் அப்படியே கிடக்கும். உங்கள் தலைப்பையே பாருங்கள். தோட்டம் நன்றாக வைத்திருப்பவர் சந்தோஷமாக நிரப்புவார். கொட்டாஞ்சேனைப் பக்கம் நிலமே இல்லாமல் மொட்டை மாடியில் பழைய வாளியில் கத்தரி வளர்க்கும் ஆசிரியர் ஏன் நிரப்பப் போகிறார்? அவர் விடுபட்டால் உங்கள் முடிவில் எல்லாப் பாடசாலையிலும் தோட்டம் செழித்து நிற்கும்.

விவசாயக் கல்வியில் இதற்கு வழி எழுதிவைத்திருக்கிறார்கள். லிண்ட்னர், மர்ஃபி, பிரையர்ஸ் மூவரும் 2001இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். 85 வீதத்துக்குக் குறைந்தால் பதில் தராதவர்கள் வேறுபடுகிறார்களா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஒரு வழி, முந்தி நிரப்பியவர்களையும் கடைசியாக நிரப்பியவர்களையும் ஒப்பிடுவது, பிந்தி வந்தவர்கள் வராதவர்களைப் போல இருப்பார்கள் என்ற எண்ணத்தில். அதற்குப் பிந்தியவர்கள் 30 பேராவது வேண்டும், உங்களிடம் 19தான். இன்னொரு வழி, நிரப்பாத 98 பேரில் எழுமாறாகச் சிலரைத் தெரிந்து நேரே கேட்டு 20 பதிலாவது எடுப்பது. என்னைக் கேட்டால் இதுதான். முழு வினாக்கொத்தையும் வாசிக்காதீர்கள், தோட்டம் பற்றிய முக்கியமான நாலைந்து கேள்வி போதும். வித்தியாசம் இல்லையென்றால் 71ஐ வைத்து எழுதலாம், இருந்தால் முடிவு நிரப்பியவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், ஃபோர்ம் எந்த மொழியில்? எந்த நேரம் அனுப்பினீர்கள்? யார் நிரப்பவில்லை என்று பிரிக்க இலக்கம் ஏதும் கொடுத்தீர்களா?

வெள்ளவத்தை மழை:
ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தேன், தப்பித்தேன். ஃபோர்ம் ஆங்கிலத்தில், மேற்பார்வையாளர் அதைத்தான் பார்த்துத் திருத்தினார். அனுப்பியது தவணைப் பரீட்சைக் கிழமையில். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

பழைய வினாக்கொத்து:
தமிழில் படிப்பிக்கிறவருக்கு ஆங்கில ஃபோர்ம், அதுவும் விடைத்தாள் கட்டோடு அவர் இருக்கும்போது! நான் 42 வீதத்தையே அதிசயம் என்பேன். தமிழில் மாற்றி 98 பேருக்கும் இன்னொரு தடவை அனுப்புங்கள், அதில் 11 பேர் நிரப்பினாலும் 19ஓடு சேர்த்து உங்கள் 30 வந்துவிடும், கடைசி இரண்டு சுற்றைச் சேர்க்கலாம். மொழி மாறியதை மட்டும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளவத்தை மழை:
இன்று மூன்று பேருக்குப் போன் எடுத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் மறந்துபோனாராம். மூன்றாவது டீச்சர், "எங்களிடம் தோட்டமே இல்லை மகள், அது எங்களுக்கில்லை என்று விட்டுவிட்டேன்" என்றார்.