பழைய டொல்பின் மோட்டர் ஹோமில் மூன்று பெட்டரி சுவிட்ச்: எதை எப்ப போடணும்?

பண்டாரவளை_வேன்
படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், சோலார் எல்லாம் பூட்டின பழைய டொல்பின் வேன். டீசல், 12 வோல்ட். எஞ்சினுக்கு ஒரு பெட்டரி, உள்பக்கத்துக்கு 100 அம்பியர் அவர் பெட்டரி இன்னொன்று. வயரிங் படம் கிடையாது. சுவிட்ச் மூன்று இருக்கு. சாரதி சீட்டுக்குக் கீழ சிவப்பு சாவி போட்டுத் திருப்புறது, எஞ்சின் பெட்டரியோட மைனஸ் வயர்ல. பின்னால 1, 2, போத், ஓஃப் என்று நாலு நிலை உள்ள குமிழ். டேஷ்போர்டில் எழுத்து எதுவும் இல்லாத ஒரு பட்டன். அமுக்கினா எங்கேயோ "டக்" என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

குமிழ் எப்பவும் போத்திலதான் இருக்கு. நுவரெலியாவில் ரெண்டு ராத்திரி நிறுத்தினா ஸ்டார்ட்டர் சுத்தாது, உள் லைட்டும் மங்கிடும். சிவப்பு சாவியைக் கழட்டினாலும் ரேடியோ பாடுது. அப்ப அந்தச் சாவி எதுக்கு?

வயரிங்_பாஸ்
உங்க பிரச்சினை முழுக்க போத்திலதான் இருக்கு தம்பி. அந்த நிலையில் ரெண்டு பெட்டரியோட பிளஸும் ஒன்றாகிடும். ஃப்ரிட்ஜ் இழுக்கிறது ரெண்டில் இருந்தும் போகும், ரெண்டும் சேர்ந்தே இறங்கும்.

ரேடியோவுக்கும் அதே காரணம்தான். சாவி வெட்டுறது எஞ்சின் பெட்டரியோட மைனஸை மட்டும். உள் பெட்டரியோட மைனஸ் தனியா பொடியில் பூட்டியிருக்கும். குமிழ் போத்தில் இருந்தா உள் பெட்டரியே வண்டி முழுக்க கரண்ட் கொடுக்கும். சாவி பழுதில்லை.

டேஷ்போர்டு பட்டன் அநேகமா பூஸ்ட். அமுக்கிப் பிடிக்கிற நேரம் மட்டும் ஒரு சொலனொய்ட் (காந்தத்தால வேலை செய்ற பெரிய சுவிட்ச்) ரெண்டு பெட்டரியையும் சேர்க்கும். அதோட கொயிலுக்கு (அதைக் காந்தமாக்குற கம்பிச் சுருள்) கரண்ட் எங்கிருந்து வருது என்று பாருங்க. எஞ்சின் பெட்டரியில் இருந்து வந்தா, அது செத்த அன்றைக்குப் பட்டனும் வேலை செய்யாது. உதவி தேவைப்படுற நாளிலேயே கைவிடுற வயரிங் அது. கொயில் வயரை உள் பெட்டரிக்கு மாத்துங்க, நடுவில் 5 அம்பியர் பியூஸ் போடுங்க.

இனி மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்க. குமிழை ஓஃப்பில் வைச்சா உள் லைட் எரியுதா? வண்டியை நிறுத்தி நாலைந்து மணி நேரம் கழிச்சு ஒவ்வொரு பெட்டரியும் எத்தனை வோல்ட்? ஸ்டார்ட் பண்ணும்போது சிவப்பு சாவி சுவிட்சோட ரெண்டு போல்ட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் எவ்வளவு காட்டுது?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது குமிழை ஓஃப்புக்குக் கொண்டுபோகவோ சாவியைக் கழட்டவோ கூடாது. ஓல்டனேட்டர் (எஞ்சின் சுத்தி பெட்டரியைச் சார்ஜ் பண்றது) கொடுக்கிற கரண்டுக்குப் போக இடமில்லாம வோல்டேஜ் எகிறி அதுக்குள்ள இருக்கிற டயோட் போயிடும். 1இல் இருந்து போத் வழியா 2க்குப் போறது பரவாயில்லை.

பண்டாரவளை_வேன்
நன்றி அண்ணே. ஓஃப்பில் உள் லைட், ரேடியோ ரெண்டும் இல்லை. காஸ் அலாரம் மட்டும் மினுங்குது. எஞ்சின் பெட்டரி 12.1, உள் பெட்டரி 11.9. சாவி சுவிட்சில் ஸ்டார்ட் பண்ணும்போது 0.9 வோல்ட்.

வயரிங்_பாஸ்
அப்படின்னா உங்க வண்டியில் எல்லா லோடும் (கரண்ட் இழுக்கிற சாமான்கள்) குமிழோட பொதுப் போல்ட்டில், அதாவது தெரிவு செய்த பெட்டரியோட கரண்ட் வெளியே போற போல்ட்டில் இருக்கு. நிலையைக் கையாலதான் மாத்தணும். ஸ்டார்ட் பண்ண 1 (எஞ்சின் பெட்டரி), ஓடத் தொடங்கினதும் போத், நிறுத்தினதும் 2 (உள் பெட்டரி). வாரக்கணக்கில் நிற்கப் போனா எஞ்சினை நிறுத்திட்டு ஓஃப், சாவியும் வெளியே. எஞ்சின் பெட்டரி அடியோட செத்திருந்தா போத்தில் வைக்க வேண்டாம், அது நல்லதையும் கீழே இழுக்கும். 2இல் மட்டும் வைச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அலாரம் நேரா பூட்டினது, அப்படியே இருக்கட்டும். பாதுகாப்புச் சாமான் சுவிட்சுக்குப் பின்னால இருக்கக் கூடாது.

11.9 என்றா கிட்டத்தட்ட காலி. முழுசா ஏறினது 12.6க்கு மேல நிற்கணும், 12.2 என்றா பாதி. ஹட்டனில் இருந்து நுவரெலியா வரை ஓடினா நிறைஞ்சிடும் என்று நம்ப வேண்டாம். ஈயப் பெட்டரியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்கு ஆகும். சார்ஜரில் ஒரு ராத்திரி போடுங்க.

0.9 வோல்ட்தான் மோசம். டீசல் ஸ்டார்ட்டர் 200 அம்பியர் அளவு இழுக்கும். அந்த நேரம் சுவிட்சுக்குள்ள 180 வாட் சூடாப் போகுது. 0.2க்குக் கீழே இருக்கணும். மலிவான சாவி சுவிட்சுகள் பல 50 அம்பியருக்குச் செய்தவை. தொடர்ந்து 200 அம்பியருக்குக் குறையாம தாங்குறதா மாத்துங்க. அதுக்கு முன்னால லக்குகளை (வயர் முனையில் உள்ள வளையம்) கழட்டிப் பாருங்க. நம்ம பக்கத்து ஈரத்தில் பச்சை பிடிச்சிருந்தா அரத்தாளால் தேய்ச்சு இறுக்கி, பிறகு மேல வாசலின் பூசுங்க. பூசிட்டு இறுக்குறது பிழை.

தலவாக்கலை_சோலார்
சோலார் கண்ட்ரோலரோட பெட்டரி வயர் எந்தப் போல்ட்டில் என்று பாருங்க. பொதுப் போல்ட்டில் இருந்தா, ஓஃப்பில் வெயில் பட்டவுடனே பெட்டரி இல்லாம பெனல் மட்டும் ஓடும். மலிவான கண்ட்ரோலரில் 20 வோல்ட் அளவு நேரா லோடுக்குப் போய் லைட்டெல்லாம் போயிடலாம். பெட்டரியிலேயே பியூஸோட பூட்டுங்க.

குமிழைத் திருப்ப ஒரு நாள் மறப்பீங்க, எல்லாரும் மறக்கிறதுதான். வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கிற ரிலே ஒன்று போட்டா நல்லம். சுமார் 13.3 வோல்ட்டில் ரெண்டையும் சேர்க்கும், 12.8 அளவில் பிரிக்கும். 25 சதுர மில்லிமீட்டர் கேபிள், ரெண்டு முனையிலும் பெட்டரிக்குப் பக்கத்திலேயே 100 அம்பியர் பியூஸ். ஆனா முதல்ல உள் லோடுகளைப் பொதுப் போல்ட்டில் இருந்து கழட்டி உள் பெட்டரிக்குக் கொண்டுபோகணும், குமிழ் 1இல் நிற்கணும். அதைச் செய்யாம ரிலே மட்டும் போட்டா காசு வீண்.

ரோசா_பதுளை
பழைய ரோசா பஸ்ஸிலும் இதே ரிலே போடலாமா?

வயரிங்_பாஸ்
வேண்டாம். ரோசா 24 வோல்ட், 12 வோல்ட் பெட்டரி ரெண்டு வரிசையா. அதில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தா அது காலியாகிக்கொண்டே போகும், மற்றது அதிகமா சார்ஜாகி வேகும். 24இல் இருந்து 12க்கு மாத்துற டிசி சார்ஜர் போட்டு உள் பெட்டரியைத் தனியா வையுங்க.