இயக்குநர் கே. சுப்ரமணியம் கண்காட்சி: குடும்ப வரைபடமும் பழைய ரீல் பெட்டிகளும்

கெடிலக்கரை கேட்டது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டம் கே. சுப்ரமணியம் பற்றி இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறது. மொத்தம் 12 பலகை. அடுத்த வாரமே அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகிறோம். வேலை நான்கு இடத்தில் நிற்கிறது.

குடும்ப வரைபடத்தில் அனிருத் பேரனா, கொள்ளுப்பேரனா? ரஜினி உறவு எந்த வழி? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடுத்து, சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' பிரிட்டிஷ் ஆட்சியில் தடை செய்யப்பட்டபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதனால் 'இங்கே தடையின்றி ஓடியது' என்று பலகையில் எழுதலாமா? படத்தைத் திரையிட யாரைக் கேட்க வேண்டும்?

கடைசியாக, முதுநகரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து 35 எம்.எம். ரீல் பெட்டி மூன்றும் பாட்டுப் புத்தகம் ஒன்பதும் தருகிறேன் என்கிறார்கள். பெட்டியில் ஒட்டிய தாள் மங்கிவிட்டது, பெயர் படிக்க முடியவில்லை. இரண்டு பெட்டி துருப்பிடித்து மூடி இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டுத் திறந்து பார்க்கலாமா?

---

பரண்மேல்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விடாதீர்கள், தட்டித் திறக்காதீர்கள், பெட்டிகளை வாசகர் வட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். 1950களின் தொடக்கம் வரை 35 எம்.எம். பிலிம் பெரும்பாலும் நைட்ரேட் என்ற, சட்டென்று தீப்பற்றும் வகை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். நன்றாகச் சிதைந்த நைட்ரேட் பல நாள் வெயிலில் கிடந்தால் 41 டிகிரி அளவிலேயே தானாகப் பற்றக்கூடும். அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் என்ன வெப்பம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது இடமாற்றம்தான். பரணிலிருந்து இறக்கி, வீட்டிலேயே நிழலான, காற்றோட்டமுள்ள அறையில் இரண்டடி உயரப் பலகை மேல் வையுங்கள். தரையில் வேண்டாம். 2011 'தானே' புயலும் 2015 வெள்ளமும் கடலூருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. விளக்கு, அடுப்பு, சுவிட்ச் போர்டு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டவும் கூடாது. சிதையும் நைட்ரேட் விடும் வாயு வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி மிச்ச பிலிமையும் தின்றுவிடும். பாட்டுப் புத்தகத்தையும் அதே அறையில் வைக்காதீர்கள், அந்த வாயு தாளை அரிக்கும்.

மூடி இறுகாத மூன்றாவது பெட்டியை மட்டும் வெளித் திண்ணையில், பகல் வெளிச்சத்தில், பருத்திக் கையுறையோடு திறக்கலாம். முதலில் வாடை. வினிகர் வாடை வந்தால் அசிடேட், அதாவது பின்னால் வந்த சேஃப்டி பிலிம். அதுவும் கெட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் நைட்ரேட் போலப் பற்றி எரியாது. சுள்ளென்று மூக்கில் ஏறும் அமில நெடி, பழுப்பேறிய படம், தொட்டால் ஒட்டும் பிசின், நுரைத்த குமிழ் என்றால் நைட்ரேட் முற்றிக்கொண்டிருக்கிறது. கட்டியாக உறைந்திருந்தாலோ பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ மூடிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கும் சோதனை பற்றி யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம்.

படம் தெளிவாக இருந்தால் உருப்பெருக்கி வைத்து ஓரத்தைப் பாருங்கள். நைட்ரேட் அல்லது சேஃப்டி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: நகல் எடுக்கும்போது மூல நெகட்டிவின் ஓர எழுத்தும் சேர்ந்தே பதியும். அதனால் இரண்டு சொல்லும் ஒரே ரீலில் தெரியலாம். சந்தேகம் இருந்தால் நைட்ரேட் என்றே நடத்துங்கள். கோடாக் பிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறியும் இருக்கும். அது பிலிம் தயாரான ஆண்டு, படம் வெளியான ஆண்டு அல்ல. அதே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பிறகு பிலிம் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் 100 துளையை எண்ணி ஸ்கேலில் அளந்தால் புது பாசிட்டிவில் (கொட்டகையில் ஓட்டும் பிரதியில்) சுமார் 475 மி.மீ. வரும். 470க்குக் கீழே போனால் 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது என்று பொருள். சாதாரண புரொஜெக்டரில் ஏற்றினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். கண்காட்சியில் 'கொஞ்சம் ஓட்டிக் காட்டலாமே' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பெட்டித் தாளை நம்பாதீர்கள். கொட்டகையில் ஆபரேட்டர்கள் கைக்குக் கிடைத்த பெட்டியில் கிடைத்த ரீலைப் போட்டு அனுப்புவது சாதாரணம். முதல் சில அடியில் தலைப்பு அட்டை இருக்கிறதா பாருங்கள். 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம். மூன்று பெட்டியும் முழுசாக இருந்தாலும் அரை மணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி 'சேவாசதனம்' ஆக இருந்தால் அது சின்ன விஷயமில்லை. அந்தப் படத்துக்கு இன்று பிரதி கிடையாது.

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு நான்கு போட்டோ இணைத்து எழுதுங்கள்: பெட்டியின் வெளிப்பக்கம், ஓர எழுத்து, ஒரு பிரேம், ஸ்கேலோடு துளை வரிசை. பேருந்து, ரயில், கூரியர் எதிலும் நீங்களாக அனுப்பாதீர்கள். நைட்ரேட் பிலிமைக் கொண்டுபோவதற்கும் வைப்பதற்கும் 1948ஆம் ஆண்டு விதிகள் உண்டு. எப்படி அனுப்புவது என்று அவர்களே சொல்லட்டும்.

---

வேதபுரி:

வரைபடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுப்ரமணியத்தின் மகன் எஸ்.வி. ரமணன். ரமணனின் மகள் லட்சுமி. லட்சுமியின் மகன் அனிருத். ஆகவே கொள்ளுப்பேரன், தாய் வழியில். அனிருத்தின் அப்பா ரவி ராகவேந்தர் லதா ரஜினிகாந்தின் உடன்பிறந்தவர். ரஜினி அத்தை கணவர் ஆவது அந்தப் பக்கம். சுப்ரமணியம் பெயரிலிருந்து ரஜினிக்கு நேர்க்கோடு போட்டால் வரைபடம் பொய்யாகிவிடும். நடன இயக்குநர் ரகுராம் சுப்ரமணியத்தின் பேரன், அவர் மகள் காயத்ரி ரகுராம் கொள்ளுப்பேத்தி. நடன இயக்குநர்கள் கலா, பிருந்தா இருவரும் ரகுராமின் மனைவி கிரிஜாவின் சகோதரிகள். அது சம்பந்தி வழி. இரத்த உறவுக்கு ஒரு நிறம், மண உறவுக்கு ஒரு நிறம் என்று கோடு போட்டால் இந்தக் குழப்பமே வராது. பொதுவாழ்வில் இல்லாத வாரிசுகளின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம்.

மனைவியர் இருவர்: மீனாட்சி, நடிகை எஸ்.டி. சுப்புலட்சுமி. இருவரையும் போடுங்கள். பிள்ளைகளில் ரமணன் விளம்பரமும் வானொலியும் தொலைக்காட்சியும் ஆண்டவர், 1983இல் 'உருவங்கள் மாறலாம்' இயக்கினார். எஸ். கிருஷ்ணசாமி ஆவணப்படக்காரர். எரிக் பார்னோவோடு சேர்ந்து 1963இல் 'இந்தியன் பிலிம்' என்ற நூலை எழுதியவர், 1976இல் 'இண்டஸ் வேலி டு இந்திரா காந்தி' எடுத்தவர். அபஸ்வரம் ராம்ஜியும் மகனே. பரதநாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் மகள். பெயரில் இருக்கும் சுப்ரமணியம் கணவர் பெயர் அல்ல, அப்பா பெயர்.

இனி சுப்ரமணியம். 1904இல் பாபநாசத்தில் பிறந்தார். தஞ்சாவூர்ப் பாபநாசம், திருநெல்வேலியில் உள்ளது அல்ல. சட்டம் படித்தவர், ராஜா சாண்டோவிடம் மௌனப் படத்தில் தொழில் கற்றவர். 1934இல் 'பவளக்கொடி'. எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுதான் முதல் படம். விளக்கு இல்லாமல் சூரிய வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். சாப்பாட்டு நேரத்துக்குப் பின் இரை தேடி வரும் காக்கைகள் கரைந்தால் ஒலிப்பதிவு கெடும், அவற்றை விரட்டவே துப்பாக்கியோடு ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அன்று பாட்டும் பேச்சும் காட்சியோடு நேரடியாகவே பதிவானதால் வந்த பாடு அது. பிள்ளைகளுக்கு இந்த ஒரு பலகை நிச்சயம் பிடிக்கும்.

1937 'பாலயோகினி' விதவை நிலையையும் சாதியையும் தொட்டது. விதவை வேடத்தில் நிஜமாகவே விதவையான ஒரு பிராமணப் பெண்ணை நடிக்க வைத்தார், சொந்தச் சமூகம் சுப்ரமணியத்தை விலக்கிவைத்தது. அவர் வாழ்க்கையில் என் கணக்கில் இதுதான் நடுப்பலகை, 'தியாகபூமி' அல்ல. தடை வெளியிலிருந்து வந்தது. விலக்கு வீட்டு வாசலில் வந்தது, அதற்குப் பிறகும் 1938இல் 'சேவாசதனம்' எடுத்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

படக்குறிப்பில் எப்போதும் நடக்கும் இரண்டு தப்பு: 'சேவாசதனம்' நாயகி எம்.எஸ். சுப்புலட்சுமி, 'தியாகபூமி' நாயகி எஸ்.டி. சுப்புலட்சுமி. குழந்தை நட்சத்திரம் 'பேபி சரோஜா' சுப்ரமணியத்தின் தம்பி விசுவநாதனின் மகள், சரோஜாதேவி அல்ல.

தடை விஷயம். 'தியாகபூமி' 1939 மே 20 வெளிவந்தபோது சென்னையில் ராஜாஜி மந்திரிசபை. அக்டோபரில் காங்கிரஸ் பதவி விலகியது, 1940இல் தடை வந்தது. புதுச்சேரி நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. பிரிட்டிஷ் உத்தரவு இங்கே எட்டாது என்பது ஒன்று, படம் இங்கே ஓடியது என்பது வேறு. அந்தக் காலத்துத் துண்டறிக்கையோ பத்திரிகை விளம்பரமோ கைக்கு வந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தேதியையும் போட்டுவிட்டு நிறுத்துங்கள்.

---

சுண்ணாம்பாறு:

திரையிடல் பற்றி. இந்தியச் சட்டப்படி படத்தின் உரிமை வெளியான மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1939 படத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. கதை கல்கியுடையது, அவர் எழுத்து 1999இலேயே நாட்டுடைமை. பாட்டு மட்டும் தனிக் கணக்கு: பாட்டெழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு என்று எண்ணினால் 2033 இறுதி வரை போகும். பாட்டுகளைத் தனியே வெட்டி யூடியூபில் ஏற்றும் முன் யோசியுங்கள். உரிமை முடிந்தாலும் பிரதி புனேக் காப்பகத்தின் கையில்தான். கட்டணமில்லாத் திரையிடல், இடம், தேதி, இருக்கை எண்ணிக்கை எல்லாம் எழுதி முன்கூட்டியே கடிதம் போடுங்கள்.

பாட்டுப் புத்தகங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் நல்லெண்ணத்தில் செய்துகொடுப்பார்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். உப்புக்காற்றில் நடுப்பின் துருவேறித் தாளைத் தின்றிருக்கும், மெல்லிய தகட்டால் பின்னின் காலை நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பையில் மூடி ஃப்ரீஸரில் இரண்டு வாரம், வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் தாள் வேர்த்துவிடும். அட்டை, விளம்பரப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, அந்த நகலைப் பலகையில் ஒட்டுங்கள். மூலம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

---

கெடிலக்கரை:

மிக்க நன்றி. பெட்டிகளை இன்றே பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டோம். இன்னொன்று: பத்மா சுப்ரமணியம் பலகைக்கு இந்த மாவட்டத்தோடு ஒட்டிய படம் ஏதாவது போடலாமா?

---

வேதபுரி:

தாராளமாக. சிதம்பரம் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும் வரிசையாக இருக்கின்றன. கிழக்கு, மேற்கு கோபுரங்களில் சிற்பத்தோடு சுலோகமும் கிரந்தத்தில் வெட்டியிருக்கிறது. தஞ்சாவூரில் 81தான் முடிந்தது, மிச்ச 27 வெறுங்கல். விருத்தாசலத்திலும் கரணச் சிற்பம் உண்டு. பத்மாவின் முனைவர் ஆய்வே இவற்றைப் பற்றியதுதான். கரணம் என்பது உறைந்த நிலை அல்ல, ஒரு முழு அசைவு, சிற்பி அதில் ஒரு நொடியைப் பிடித்திருக்கிறான் என்பது அவர் நிறுவியது. எனவே படக்குறிப்பில் 'நடன நிலை' என்று எழுதாதீர்கள், 'கரணம்' என்றே போடுங்கள். பக்கத்திலேயே 1942 என்றும் எழுதுங்கள், மகள் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. நிருத்யோதயா நாட்டியப் பள்ளியை அப்பா தொடங்கிய ஆண்டு அது.

படம் எடுக்கும்போது பிளாஷ் நேரே அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ஆளைப் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள், முழங்கால் மடிப்பும் தூக்கிய பாதமும் அப்போதுதான் எழுந்து நிற்கும்.