சுங்கை சிப்புட் சொந்தங்கள் குழு: மாமாவின் காணொளியும் மூன்று ஐஸ் குச்சியும்

கணேசன் மாமா (இரவு 7.42): [காணொளி] கிரீன்லாந்தில் ஒரு பனிப்பாறை குப்புறப் புரள்கிறது, பாருங்கள். கடலில் இவ்வளவு ஐஸைக் கலக்கினால் தண்ணீர் சில்லிட்டுவிடும். பக்கத்துப் பனியாறு இனி உருகாது.

நித்யா: நேர்மாறாகவும் நடக்கலாம், மாமா. பனியாறு வந்து சேரும் ஃபியோர்டுகளில், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் வாய்க்கால்களில், குளிர்ந்த தண்ணீர்தான் மேலே இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீர் அடியில் கிடக்கிறது.

கணேசன் மாமா: சூடான தண்ணீர் அடியிலா? செம்பனை ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவனிடம் சொல்கிறாயா?

நித்யா: பாய்லர் தண்ணீரில் உப்பு கிடையாதே. உப்பு கூடினால் எடை கூடும். பனி உருகிய நல்ல தண்ணீர் இலேசானது, மேலே மிதக்கும். வெதுவெதுப்பு என்றாலும் சில டிகிரிதான். பனிக்கு அதுவே அதிகம்.

சரசு சித்தி: வெள்ளிக்கிழமை பூசைக்கு மாலை யார் வாங்குகிறீர்கள்?

நித்யா: [படம்] உப்பு கூடிய அடிநீருக்குப் பதிலாக ஜாடியின் அடியில் சிவப்பு சிராப் ஊற்றினேன். கரண்டியின் முதுகில் வடியவிட்டு மேலே தண்ணீர் நிரப்பினேன். பாட்டி விற்கும் ஐஸ் குச்சியின் பிளாஸ்டிக்கை உரித்து, அடிமுனை சிராப்பைத் தொடும்படி செங்குத்தாகப் பிடித்து, கையை எடுத்தேன். உடனே சாய்ந்து படுத்துக்கொண்டது. அடிமுனை மேலே வந்தபோது சிவப்பு ஒரு நூல்போல அதன் பின்னாலேயே ஏறியது. மூன்றாவது குச்சிக்கு ஜாடி முழுவதும் ரோஜா நிறம்!

கணேசன் மாமா: குச்சி வேறு, மலை வேறு.

நித்யா: அளவுதான் வேறு. கிரீன்லாந்தில் உள்ள ஹெல்ஹைம் பனியாற்றின் முகப்பு பல நூறு மீட்டர் கனம். அதிலிருந்து பிளக்கும் துண்டு உயரத்தைவிட அகலத்தில் குறைந்தால் நிற்க முடியாமல் புரளும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருப்பதால், புரளும்போது ஆழத்துத் தண்ணீரையும் கிளறிவிடும். பனியாற்றையே உதைத்துத் தள்ளுவதால் 5 அளவை ஒட்டிய நிலநடுக்கம் பதிவாகிறது. அப்படிப்பட்ட அதிர்வுகளை 2003இல்தான் அறிவியலாளர்கள் முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொட்டியில் பிளாஸ்டிக் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அலையாகப் போன ஆற்றல் கொஞ்சம்தான், பெரும்பகுதி தண்ணீரைக் கலக்குவதிலேயே செலவானது.

கணேசன் மாமா: கலந்தால் என்ன?

நித்யா: அடியில் கிடக்கும் வெப்பம் மேலேறிப் பனியாற்றின் முகப்பைத் தொடும். அந்த வெப்பத்தின் வேலையை கிரீன்லாந்தின் இலுலிசாட் ஃபியோர்டில் பார்க்கலாம். 1997இல் வெதுநீர் புகுந்தது. அங்குள்ள பனியாற்றிலிருந்து கடல்மேல் நீண்டு மிதந்துகொண்டிருந்த பனி நாக்கு சில ஆண்டுகளில் நொறுங்கிப்போனது. 2016வாக்கில் தண்ணீர் குளிர்ந்ததும் அதே பனியாறு வேகம் குறைந்து, சற்றுத் தடித்தது. அங்கே புரளல் காரணம் இல்லை, கடல் நீரோட்டம்தான்.

நித்யா: ஆனால் நீங்கள் சொன்னதும் பாதி சரி, மாமா. பனிப்பாறைகள் உருகும்போது, உள்ளே வரும் வெதுநீரைக் கொஞ்சம் குளிர்விக்கவும் செய்கின்றன.

கணேசன் மாமா: பாதி சரியா? அது போதும். மற்ற பாதியை நாளை பேசிக்கொள்ளலாம்.

பாட்டி: ஐஸ் பெட்டியில் நாற்பது குச்சி வைத்தேன். முப்பத்தேழுதான் இருக்கிறது. ஒன்று ஐம்பது காசு.

சரசு சித்தி: மாலை?