புதுப்பிப்பு: டீசல் பிக்கப்பில் 5.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஸ்டார்ட் ஆனதும் நின்றுபோவது தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1985 ஷெவர்லே பிக்கப்பில் 6.2 லிட்டர் டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு 2002 மாடல் 5.3 வி8 ஏற்றியதும், ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

பெட்ரோல் பம்ப், த்ராட்டில் பாடி (காற்று உள்ளே போகும் வால்வு), ஏர்ஃப்ளோ சென்சார் எதிலும் கோளாறு இல்லை. நின்றபோதும் இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் 58 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தது. இன்ஜெக்டர் கனெக்டரில் செருகிய டெஸ்ட் லைட்தான் சட்டென்று அணைந்தது, அதாவது இன்ஜெக்டருக்கு சிக்னல் நின்றுவிட்டது. திருட்டுத் தடுப்பைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. 2002 இன்ஜின் எதிர்பார்க்கும், சாவியைச் சரிபார்க்கும் மாட்யூலே பழைய வண்டியில் கிடையாது. அதன் சிக்னல் வராததால் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரை நிறுத்திவிடுகிறது. லேப்டாப் வழியாக ஈசியூவில் திருட்டுத் தடுப்பை ஆஃப் செய்ததும் ஐடில் சீராக நிற்கிறது.

எதிர்பாராதது கியர்பாக்ஸ் பக்கம். பழைய 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருந்துகிறது, ஆனால் புது இன்ஜினில் கிராங்க் ஃபிளாஞ்ச் (கிராங்க் தண்டின் பின்முனைத் தட்டு) பழையதைவிட சுமார் 10 மி.மீ. முன்னால் தள்ளி இருக்கிறது. ஸ்பேசரும் நீளமான போல்ட்டும் போடாவிட்டால் டார்க் கன்வர்ட்டரின் ஹப் கிராங்கில் உட்காராது, கியர்பாக்ஸின் முன் ஆயில் பம்ப் புஷ் தேய்ந்து போய்விடும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு எலக்ட்ரிக் பம்ப் வேண்டும், ஆனால் டீசல் டேங்குக்குள் அது கிடையாது. ஃபிரேமில் மாட்டிய வெளிப் பம்ப் சூடானால் கத்துகிறது. டேங்குக்குள் போடுவதே மேல். டீசல் இன்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் பழைய ஒயரில் பேட்டரி கரன்ட் வரும், கழற்றி நுனியை மூடிவிடுங்கள்.