மணக்குடிப் படத்தில் இருக்கும் சாளையின் வால்

காயலோரம்:
துறைமுகங்களில் கழித்துப்போடும் மீனுக்குப் பழகிவிட்ட கடற்காகங்கள், தாமாக இரை தேடுவதையே மறந்துவிட்டன என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியது எனக்கு மிகுந்த எரிச்சலைத் தந்தது. பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகத்தில் ஜனவரியில் நான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பழுப்புத்தலைக் கடற்காகத்தின் அலகில் சாளையின் (மத்தி மீனின்) வால் வளைந்து நிற்பதைப் பாருங்கள். உயிருள்ள மீன்தான் அப்படித் துள்ளும்.

குளச்சல்காரன்:
நேற்று எழுதியவன் நான்தான். செத்து விறைத்த சாளையும் வளைந்தே கிடக்கும் என்பது மீன்கூடையைத் தொட்டவர்கள் அனைவருக்கும் தெரியும். கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையை இழுத்த மணலில் சிதறிக் கிடந்ததை அது பொறுக்கியிருக்கும்.

காயலோரம்:
அன்று காலை அங்கே கரைமடி இழுக்கவே இல்லை. நான் இரண்டு மணி நேரம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். தாழப் பறந்து நீர்ப்பரப்பிலிருந்து கொத்துவதும், ஆலா என்ற கடற்பறவை பிடித்த மீனைத் துரத்திப் பறிப்பதும் கடற்காகத்தின் இயல்பு. வால் வளைந்திருக்கிறது, அதற்கு நேரான பதில் வேண்டும்.

தேரூர்க் குளத்தடி:
தலை வெள்ளையாக இருக்கிறதே, இது கருந்தலைக் கடற்காகமாக இருக்கலாம். சென்ற ஆண்டும் நீங்கள் ஓர் ஆலாவின் பெயரைத் தவறாக எழுதினீர்கள்.

காயலோரம்:
அதை அன்றே திருத்திவிட்டேன்; ஓராண்டாக அதையே சுமந்து திரிவது நியாயமில்லை. குளிர்காலத்தில் இரண்டு இனங்களுக்குமே தலை வெளுத்து, காதருகே ஒரு புள்ளிதான் மிஞ்சும். வெளிறிய விழியும், கறுத்த இறக்கை நுனியில் தெரியும் வெள்ளைப் பொட்டுகளும் இது வளர்ந்த பழுப்புத்தலை என்று காட்டுகின்றன. சாளையின் வாலுக்கு வாருங்கள்.

தேரூர்க் குளத்தடி:
மீன்பிடித் தடைக்காலத்தில் கழிவு மீன் குறைந்துவிடுமே, அப்போது அவை எதைத் தின்கின்றன?

காயலோரம்:
குளச்சல் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது இவற்றில் பெரும்பாலானவை லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். கிழக்குக் கரையில் சேரும் சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15-இல் தடை தொடங்கும்போதே கூட்டம் குறைந்துவிடுகிறது. ஆகவே தடைக்காலத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. கழிவு மீனைத் தின்னவில்லை என்று நான் எங்குமே சொல்லவில்லை. இரை தேட மறந்துவிட்டது என்பதைத்தான் மறுக்கிறேன். அந்த வால் வளைந்திருக்கிறது.

குளச்சல்காரன்:
விசைப்படகு திரும்பும் நேரத்தில் துறைமுகத்துக்கு வந்து பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். நாளைக் காலை கூடையிலிருந்தே வளைந்த சாளையைப் படமெடுத்துப் போடுகிறேன்.

காயலோரம்:
கூடையில் கிடக்கும் மீன் எனக்கு வேண்டாம். என் படத்தில் வாலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

குளச்சல்காரன்:
செத்த மீனிலும் தண்ணீர் சொட்டும்.