6 நம்பர் கிளவுஸ், அகலமான ஸ்டெப் ஸ்டூல்: மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். அறுவை சிகிச்சைத் துறையில் முதுநிலை படிக்கும் மாணவிகளுக்காகக் கேட்கிறோம்.

லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, நீளமான கருவிகளால் செய்யும் அறுவை சிகிச்சை) முழங்கை 90 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருக்க வேண்டும். வயிற்றில் வாயு ஏற்றியதும் கருவி பிடிக்கும் மட்டம் உயர்ந்துவிடும். மேசையைக் கடைசிவரை இறக்கினாலும் உயரம் குறைந்தவர் தோளைத் தூக்கியே வேலை செய்ய நேரும், கழுத்து பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்து 'பெண்களுக்குத் தாங்காது' என்கிறார்கள். குறை மேசையில் இருக்கிறது, அந்தப் பெண்களிடம் இல்லை.

உயரத்துக்காக ஏறி நிற்க, கடையில் கிடைக்கும் ஸ்டூல் குறுகலானது. டயத்தெர்மி (மின்சாரத்தால் திசுவை வெட்டி, ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) பெடல் தரையிலேயே இருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நிற்க வேண்டும், தடுமாறும். 10, 15 செ.மீ. உயரத்தில், இரண்டு பாதமும் பெடலும் கொள்ளும் அகலத்தில், மேலே வழுக்காத ரப்பர் பதித்து, எவர்சில்வரில் செய்து தரும் பட்டறை கப்பலூர் பக்கம் யாருக்காவது தெரியுமா? அடுக்கினால் நழுவாதபடி விளிம்பும் வேண்டும்.

கிளவுஸில் 5.5, 6 அளவுகளைக் கொஞ்சமாக வாங்க முடியுமா? 7 போட்டால் விரல் நுனியில் மடிப்பு விழுந்து தையல் முடிச்சோடு சிக்குகிறது.

ஸ்டேப்ளர் (குடல் போன்றவற்றைப் பின் அடித்து இணைக்கும் கருவி) கைப்பிடி சிறிய கைக்கு எட்டுவதில்லை. பேட்டரி வகை விலை அதிகம். வேறு வழி உண்டா? இன்டென்ட்டில் (பொருள் கேட்டு எழுதும் படிவம்) எப்படி எழுதினால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பதையும் மருத்துவமனை ஸ்டோர் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.